வீட்டு வரி நின்ற பதினான்கு ஆண்டுகள்

தஞ்சாவூரில் வீட்டு வரி 2008-ல் உயர்ந்தது. அப்போது அது நகராட்சி. சென்னையைத் தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் அனைத்துக்கும் அந்த ஆண்டு ஒரே அளவில் உயர்வு வந்தது. குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, தொழிற்கூடங்களுக்கு 100, வணிகக் கட்டடங்களுக்கு 150. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொதுச் சீராய்வு நடக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 2013-ல் யாரும் அதைத் தொடவில்லை. 2014-ல் தஞ்சாவூர் மாநகராட்சி ஆன பிறகும் பழைய வரியே ஓடியது.

2018 ஜூலையில், உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைத் தொடர்ந்து, அன்றைய அ.தி.மு.க. அரசு மாநிலம் முழுவதும் வரியை உயர்த்தியது. வீடுகளுக்கு 50 விழுக்காடு வரை, மற்றக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு வரை. தி.மு.க. தெருவில் இறங்கிப் போராடியது. பதினாறு மாதம் கழித்து, 2019 நவம்பர் 19-ல், அதே அரசு உயர்வை நிறுத்தி வைத்தது. நிதித்துறைச் செயலாளர் தலைமையில் குழு அமைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அந்தத் தொகை வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்றது. அடுத்த மாதம் ஊரக உள்ளாட்சித் தேர்தல். பிறகு ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புறத் தேர்தல் முடிந்து, ஏப்ரல் தொடக்கத்தில் தி.மு.க. அரசின் உயர்வு வந்தது. 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. இந்த முறை அ.தி.மு.க. ஆர்ப்பாட்டம் நடத்தியது.

இரண்டு கட்சிகளுமே உயர்த்தியிருக்கின்றன, இரண்டுமே எதிர்த்திருக்கின்றன. அதைச் சொல்லிக் காட்டுவது என் நோக்கமில்லை. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் வரி நின்றதால் யாருக்கு எவ்வளவு மிஞ்சியது, எது குறைந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

2008-ல் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய ஓர் ஆயிரம் சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022-ல் 50 விழுக்காடு ஏறி அது 1,500 ஆகிறது. ஒரே ரசீதில் 500 ரூபாய் கூடியதைப் பார்த்து வீட்டுக்காரர் கொதிக்கிறார்; அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் 2008-லிருந்து ஆண்டுக்கு வெறும் 3 விழுக்காடு வீதம் ஏற்றியிருந்தால் 2022-ல் அந்த வரி 1,513 ரூபாயில் வந்து நின்றிருக்கும். முதல் ஆண்டு உயர்வு அரையாண்டுக்கு 30 ரூபாய். ஒருவரும் பேச்சுக்குக்கூட எடுத்திருக்க மாட்டார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். இடையில் அந்த ஒரு வீட்டிடமிருந்து நகருக்கு வராமல் போனது ஏறக்குறைய 6,170 ரூபாய். வீட்டுக்காரருக்கு அது ஆண்டுக்கு 500 ரூபாய்க்கும் குறைவான சேமிப்பு. அப்படிப்பட்ட பத்தாயிரம் வீடுகள் என்று வைத்துக்கொண்டால், ஊருக்கு 6 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு. வணிகக் கட்டடங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

அந்தக் காலத்தில் விலைவாசி நிற்கவில்லை. காவிரி டெல்டாவுக்குத் தெரிந்த விலையையே சொல்கிறேன். பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை 2008–09-ல் குவிண்டாலுக்கு 850 ரூபாய். 2018–19-ல் 1,750. நெல்லின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியும் விவசாயிக்குக் கட்டுபடியாகவில்லை என்று நாம் வாதாடுகிறோம், சரியாகவே வாதாடுகிறோம். உரம், டீசல், கூலி எல்லாம் ஏறிவிட்டன என்பதுதான் காரணம். மாநகராட்சியும் அதே டீசலைத்தான் குப்பை லாரிக்கு ஊற்றுகிறது. கொள்ளிடத்திலிருந்து குடிநீரை இறைத்து ஊருக்குள் கொண்டுவரும் மோட்டாருக்கு மின்கட்டணம் கட்டுகிறது. பிளீச்சிங் பவுடர் வாங்குகிறது.

வருமானம் நின்று செலவு ஏறினால் நிர்வாகம் முதலில் கை வைப்பது ஆட்களின் மேல்தான். துப்புரவுப் பணியாளர் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. வேலை ஒப்பந்தக்காரரிடம் போகிறது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை எண் 152, மாநகராட்சிப் பணியிடங்கள் பலவற்றை வெளி முகமைக்கு மாற்ற வழி வகுத்தது. தூய்மைப் பணியாளர் சங்கங்கள் இன்றுவரை அதை எதிர்க்கின்றன. இது வரியை நிறுத்தியதன் விளைவு மட்டும் என்று சொன்னால் மிகையாகும். நிரந்தரப் பணியாளருக்கு ஓய்வூதியம் வரை செலவு உண்டு, அதைத் தவிர்க்க எந்த அரசும் விரும்பும். ஆனால் சொந்த வருமானம் பலவீனமான நகரத்தால் அந்த முடிவை எதிர்த்து நிற்க முடியாது. உங்கள் வீட்டு வரி ஏறாமல் நின்ற ஆண்டுகளில், உங்கள் தெருவைக் கூட்டும் பெண்ணின் வேலை நிரந்தரமில்லாமல் ஆனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

“பணமா இல்லை? ஸ்மார்ட் சிட்டிக்குக் கோடி கோடியாய் வந்ததே” என்று கேட்பார்கள். வந்தது. 2016 செப்டம்பரில் மதுரை, சேலம், வேலூரோடு தஞ்சாவூரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. பழைய பேருந்து நிலையம், காமராஜ் மார்க்கெட், சிவகங்கைப் பூங்கா, அய்யன்குளம் எல்லாம் புதிதாகின. சிவகங்கைக் குளத்திலிருந்து அய்யன்குளத்துக்கு நீர் போன பழைய நிலத்தடி வழியைத் தேடி மீட்டது அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவது கட்டுவதற்கான பணம். கட்டியதைக் காப்பதற்கான பணம் வீட்டு வரியிலிருந்துதான் வர வேண்டும். பூங்காவின் காவலாளிக்கு, குளத்தின் பாசியை அள்ளும் ஆளுக்கு, மார்க்கெட்டின் கழிவறையைக் கழுவுகிறவருக்குத் திட்ட நிதியில் சம்பளம் கிடையாது. ஜெபமாலைபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் புகையும் நாட்களில் சுற்றியுள்ள மக்கள் மூச்சுத் திணறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. தேங்கிய குப்பையை அகற்றத் திட்டம் போட்டு ஒருமுறை நிதி வாங்கலாம். நாளைக்குச் சேரும் குப்பையைத் தரம் பிரிக்க, நாள்தோறும் ஆளும் வண்டியும் வேண்டும்.

வரியோடு சேர்ந்து நிற்கும் இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு ரூபாய் சொத்து வரிக்கும் 10 காசு. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் இது. இந்த ஏற்பாட்டைக் கனவு கண்டவர் பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர். 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்தை வள்ளல்களின் தயவில் விடக் கூடாது, சட்டத்தின் மேல் நிறுத்த வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுவே முதல். அதற்கும் முன்பே, 1931-ல், மன்னார்குடிப் பக்கம் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். மேலவாசலில் அந்த வண்டி நூலகம் தொடங்கியது. இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு நிலையான வருமானம் வேண்டும் என்றுதான் வீட்டு வரியோடு நூலகம் பிணைக்கப்பட்டது.

பிணைத்த காரணத்தாலேயே வீட்டு வரி நின்றால் நூலகமும் நின்றுபோகிறது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் புத்தக விலை ஏறியது, நாளிதழ் விலை ஏறியது, 10 காசு மட்டும் 2008-ன் ரூபாயிலிருந்தே கணக்கானது. போதாததற்கு, வசூலான நூலக வரியைக்கூட உள்ளாட்சிகள் உரிய நேரத்தில் செலுத்துவதில்லை என்பது மாநிலம் முழுவதும் உள்ள பழைய குறை. கையில் காசில்லாத நிர்வாகம் நூலகத்தின் பணத்தை எடுத்துத் தெருவிளக்குக்கு வைக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்க ஊர்ப்புற நூலகத்துக்கு வரும் பையனுக்குச் சென்ற ஆண்டின் வினா வங்கிதான் கிடைக்கிறது. அவன் அப்பாவுக்கு ஒருவேளை வரி விதிக்கத்தக்க வீடே இருக்காது.

வரியை நிறுத்துவது ஏழைக்குச் செய்யும் உதவி என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அரையாண்டுக்குச் சில நூறு ரூபாய் கட்டும் ஓட்டு வீட்டுக்காரருக்கு நிறுத்தத்தால் மிஞ்சுவது சொற்பம். திருமண மண்டபமும் தங்கும் விடுதியும் வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது ஆயிரங்கள், லட்சங்கள். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு ஒரு காசும் மிஞ்சாது. ஆனால் பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, மாநகராட்சிப் பள்ளி, சுகாதார நிலையம் எல்லாவற்றையும் அதிகம் நம்பியிருப்பவர் அவர்தான். தண்ணீர் வராத நாளில் வசதியுள்ளவர் போர்வெல் மோட்டாரைப் போட்டுக்கொள்வார். மற்றவர் குடத்தோடு நிற்பார்.

ஒருவருக்கு விட்டது மற்றவர் தலையில் விழும் என்பது இந்தக் காவிரி நாட்டுக்குப் பழைய பாடம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு வழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. கோயிலுக்கு எழுதிவைத்த நிலத்தை இறையிலி, அதாவது வரியில்லா நிலம், ஆக்க ஊர்ச்சபை கொடையாளரிடம் மொத்தமாகப் பொன்னோ காசோ வாங்கிக்கொள்ளும். அந்த நிலத்துக்குரிய இறையை இனிமேல் சபையே அரசுக்குக் கட்டும். அரசுக்குச் சேர வேண்டியது மாறுவதில்லை. கட்டும் கை மாறியது, அவ்வளவுதான். கைக்கு வந்த பொன் தீர்ந்த பின்னும் கடமை தீராது. அது ஊரிலுள்ள மற்றவர் தலையில் வந்து விடியும்.

இருந்தாலும், வரியை நிறுத்துங்கள் என்று டெல்டாவில் எழுந்த குரலை அலட்சியமாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. அந்த நீரை நம்பிய குறுவைச் சாகுபடி போனால் விவசாயி மட்டும் படுப்பதில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி கடைத்தெருவில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, அடகுக்கடை எல்லாம் அறுவடையைப் பார்த்தே நடக்கின்றன. 2018 ஜூலையில் வரி உயர்ந்தது. நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கம் கூரை போனது, தென்னை சாய்ந்தது, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. அந்த ஊர்களில் அந்த ஆண்டு உயர்ந்த வரியைக் கேட்பது கொடுமை. ஆனால் அதே வாரங்களில் ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றவும், சாலையில் கிடந்த மரத்தை அறுத்து அகற்றவும் மக்கள் எதிர்பார்த்தது உள்ளாட்சியைத்தான். புயல் அடித்த ஊருக்கு அந்த ஆண்டு வரித் தள்ளுபடி கொடுத்து, அந்தத் தொகையை அரசு உள்ளாட்சிக்கு ஈடுகட்டுவது ஒரு வழி. மாநிலம் முழுக்க மண்டபக்காரர் வரை அனைவருக்கும் பல ஆண்டுகள் நிறுத்தி வைப்பது வேறு.

ஊராட்சிகளின் கதையும் இதுதான், அளவு சிறியது. வீட்டு வரியும் அரசு மானியமும் சேர்ந்ததுதான் அவற்றின் வரவு. வீட்டு வரியைக் கூட்டினால் அடுத்த தேர்தலில் தலைவருக்கு ஓட்டு விழாது, ஊரிலேயே குடியிருப்பவர் அவர். அதனால் மானியத்தை எதிர்பார்த்தே காலம் ஓடுகிறது. 2016-லிருந்து 2019 இறுதிவரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தபோது மத்திய நிதிக்குழு மானியமும் சிக்கியது. மாநகரை ஒட்டிய நாஞ்சிக்கோட்டை, நீலகிரி, பிள்ளையார்பட்டிப் பக்கம் நகர வீடுகள் பெருகிவிட்டன. குப்பையும் சாக்கடையும் நகரத்தின் அளவில், வரி கிராமத்தின் அளவில். மாநகராட்சியோடு இணைப்பது பற்றிப் பேச்சு எழுந்தால் வரி கூடும், நூறு நாள் வேலை போகும் என்று எதிர்ப்பு வருகிறது. இரண்டாவது பயத்துக்குப் பதில் சொல்லாமல் முதலாவதைப் பேச முடியாது.

வெளியே பார்த்தால், கலிபோர்னியா 1978 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பிலேயே வீட்டு வரிக்குப் பூட்டுப் போட்டது. சொத்து கைமாறும்வரை மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்பது விதி. சொத்து வரி வருமானம் ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே போனது. நூலக நேரங்கள் குறைந்தன, பள்ளிகளுக்கான பணத்தை முடிவு செய்யும் அதிகாரம் ஊரிலிருந்து மாநிலத் தலைநகருக்குப் போனது. ஸ்காட்லாந்து 2008-லிருந்து ஒன்பது ஆண்டுகள் உள்ளாட்சி வரியை நிறுத்தியது. மேலுள்ள அரசின் மானியத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலைதான் இரண்டிலும் மிஞ்சியது. நம் மேயர்களுக்கு அந்த நிலை நன்றாகத் தெரியும். வரி விகிதத்தைச் சென்னை சொல்கிறது, மன்றம் தீர்மானம் போடுகிறது.

2023-ல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வுக்கு வழி செய்தன. வளர்ச்சிக்கேற்ப வரியும் வளர வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு மானியத்துக்கு நிபந்தனை போட்டிருந்ததே இதற்கு முக்கியக் காரணம். முதல் ஆண்டு அது நடைமுறைக்கு வரவில்லை, 2024-ல் வந்தது. ஆண்டுதோறும் சிறிதாக ஏறுவது சரியான வழி என்பதே என் கருத்து. ஆனால் 6 விழுக்காடு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 600 சதுர அடிக்குள் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு விலைவாசிக்கு மேல் ஏறக் கூடாது. முதியோர் உதவித்தொகையில் வாழும் கைம்பெண்ணின் வீட்டு வரியை, வீடு கைமாறும் நாள்வரை வட்டியில்லாமல் தள்ளி வைக்கலாம். மாடி கட்டியும் பழைய அளவுக்கே வரி கட்டப்படும் கட்டடங்களை அளந்தால், சின்ன வீட்டுக்குத் தரும் சலுகைக்குப் பெரும்பங்கு ஈடாகிவிடும்.

டெல்டாவுக்கென்று ஒன்று கேட்கலாம். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. முதல் அரையாண்டுக்கு ஏப்ரல் 30. சம்பா நெல் விற்ற காசு அப்போது கையில் இருக்கும். இரண்டாவதுக்கு அக்டோபர் 30. அந்த மாதம் இங்கே தீபாவளிச் செலவு, சம்பா நடவுக்கூலி, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் சொல்லித் திருப்பப்பட்ட குறுவை நெல் எல்லாம் ஒன்றாக வந்து விழும் மாதம். டெல்டா மாவட்டங்களில் மட்டும் அந்தச் சலுகை நாளைப் பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி இறுதிவரை நீட்டித்தால் உள்ளாட்சிக்கு இழப்பு எதுவும் பெரிதாக வராது. கடைக்காரரும் விவசாயியும் கடன் வாங்காமல் கட்டுவார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் மாமன்றங்களும் திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை நகர்மன்றங்களும் இதற்கு ஒரு தீர்மானம் போட்டுச் சென்னைக்கு அனுப்பலாம். வசூலான நூலக வரியில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கையும் அதே கூட்டத்தில் மேசையில் வைக்கலாம்.