சாவியைக் கடிதத்தில் வைக்கலாமா?

புனேயில் நெடுநாளாக வசிக்கும் அன்பர்கள் பலருக்கு 2005 ஏப்ரலில் வந்த செய்தி நினைவிருக்கும். நம் ஊரில் இயங்கிய எம்ஃபசிஸ் நிறுவனத்தின் கால் சென்டர் பிரிவில் ஊழியராயிருந்த சிலரைப் போலீசார் கைது செய்தனர். அமெரிக்காவிலுள்ள சிட்டி வங்கி வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து ஏறத்தாழ மூன்றரை லட்சம் டாலரை, புனே வங்கிகளில் பொய்ப் பெயர்களில் திறந்த கணக்குகளுக்கு மாற்றினார்கள் என்பது வழக்கு. பூட்டை உடைத்து யாரும் உள்ளே நுழையவில்லை. உதவி வேண்டிப் பேசிய வாடிக்கையாளர்களிடம் நயமாகப் பேசியே ரகசிய எண்களைப் பெற்றார்களாம். கெடுபிடி மிகுந்த அந்த அலுவலகத்திலிருந்து எண்களை மனப்பாடமாகவே வெளியே கொண்டுவந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது.

அது தொலைபேசிக் காலம். இன்று கேஸ், மின்சாரம், காப்பீடு, வங்கி என்று எந்தக் குறையானாலும் நம்மில் பலர் மின்னஞ்சலில் புகார் எழுதுகிறோம். இங்கே மனப்பாடம் செய்யும் சிரமம்கூட யாருக்கும் இல்லை. நாமே எழுத்தில் கொடுத்துவிடுகிறோம். ராஸ்தா பேட்டையிலிருக்கும் நண்பர் ஒருவர் கணக்கு எண், பிறந்த தேதி, ஆதார், பான், கார்டின் இருபக்கப் படம் அத்தனையையும் ஒரே கடிதத்தில் அனுப்பிவிட்டு, "எல்லாம் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வேலை சுலபம் பாருங்கள்" என்றார். நல்ல மனசுதான்.

தபாலில் போகும் கடிதம் ஒன்றே ஒன்று. மின்னஞ்சல் அப்படியல்ல. உங்கள் பெட்டியில் ஒரு பிரதி, அவர்கள் பெட்டியில் ஒரு பிரதி, புகாருக்கு எண் கொடுத்து வைக்கும் மென்பொருளில் இன்னொன்று. காலை ஷிஃப்டில் ஒருவர், இரவு ஷிஃப்டில் வேறொருவர், மேலதிகாரி என்று பலர் திறந்து படிப்பார்கள். பல நிறுவனங்களில் இந்த வேலையே வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்பந்தத்தில் இருக்கும். பதில் வரும்போது நம் பழைய கடிதமும் அடியில் ஒட்டிக்கொண்டே திரும்பி வரும். குறை தீர்ந்த பின்னும் அது அழிவதில்லை. நாளைக்கு நம் பெட்டிக்குள் வேறொருவன் நுழைந்தால், 'பான்' என்று தேடினாலே போதும்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. இன்னார் என்று காட்டும் விவரம் ஒரு வகை. கதவைத் திறக்கும் விவரம் மறு வகை. பெயர், புகார் எண், நுகர்வோர் எண், பணம் போன தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவை முதல் வகை. பெரும்பாலான புகார்களுக்கு இவையே தாராளம். கடவுச்சொல், பின் எண், ஓடிபி, கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண் ஆகியவை சாவிகள். இவற்றை மின்னஞ்சலில் கேட்பவர் யாராயிருந்தாலும் கொடுக்க வேண்டியதில்லை. கார்டு நிறுவனங்களின் சர்வதேச விதிப்படி, அந்த மூன்று இலக்க எண்ணைப் பணம் பெற்ற வியாபாரிகூடச் சேமித்து வைக்கக் கூடாது. நடுவே நிற்பவை பிறந்த தேதி, தாயார் பெயர், முழு ஆதார் எண் போன்றவை. தனித்தனியே சாதாரணம், ஒரே கடிதத்தில் சேர்ந்துவிட்டால், வேறொருவர் தொலைபேசியில் நீங்களாகவே பேசிவிட முடியும்.

சென்ற ஆண்டு ஒரு நிறுவனம், பழுதான பொருளுக்குப் பணம் திருப்பித் தர என் கார்டின் படத்தைக் கேட்டது. "கடைசி நான்கு இலக்கம் இது, அதற்கு மேல் எதற்கு வேண்டும்?" என்று எழுதினேன். பதில் ஏதும் இல்லை; இரண்டே நாளில் பணம் மட்டும் வந்தது.

இவ்வளவும் எதிர்ப்பக்கம் உண்மையான சேவைப் பிரிவு இருக்கும்போது. அதுவே போலியாயிருந்தால்? அதற்கும் நம் ஊர் வழக்கொன்று உண்டு. இங்குள்ள வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கணக்கிலிருந்து 80 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் பறிபோனது. உரிமையாளர், வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றிய பொய் மின்னஞ்சலுக்குப் பதில் கொடுத்திருந்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரித்த மகாராஷ்டிர அரசின் செயலர் ராஜேஷ் அகர்வால், வங்கி 45 லட்சம் தர வேண்டும் என்று 2013இல் உத்தரவிட்டார். பணம் போய்ச் சேர்ந்த மோசடிக் கணக்குகளைச் சரிவரச் சோதிக்காதது வங்கியின் தவறு. பொய்க் கடிதத்துக்கு விடை எழுதிய பொறுப்பு வாடிக்கையாளர் தலையிலும் விழுந்ததால் முழுத்தொகை கிடைக்கவில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இன்னும் வெளிப்படை: ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்து நேர்ந்த நஷ்டம், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரைச் சேர்ந்தது, தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சேர்ந்தது.

ஆகவே கடிதத்தில் காணும் அனுப்புநர் பெயரை நம்ப வேண்டாம். யாரும் எந்தப் பெயரும் போட்டுக்கொள்ளலாம். பாஸ்புக், கார்டின் பின்புறம், பழைய பில் இவற்றில் அச்சாகியிருக்கும் முகவரிக்கோ எண்ணுக்கோ நீங்களே புதிதாகத் தொடர்புகொள்ளுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் மோசடிக்காரர்கள் போட்டுவைத்தவையும் உண்டு.

ஆதார் நகல் தந்தே ஆக வேண்டுமென்றால், முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் பிரதியின் குறுக்கே இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கையெழுத்திடுவோமே, அந்தப் பழக்கம் இங்கும் நல்லது: படத்தின்மேல் நிறுவனத்தின் பெயரும் தேதியும் இருக்கட்டும். தளத்திலிருந்து இறக்கும் ஆதார்க் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டுமே என்பதால், உங்கள் கடிதத்தைப் படித்தவருக்கு அது ஒரு புதிரே அல்ல. வேறு கடவுச்சொல் போட்டு, அதைத் தொலைபேசியில் சொல்லுங்கள். (பூட்டையும் சாவியையும் ஒரே உறையில் அனுப்பும் சிலரை எனக்குத் தெரியும்; பெயர் சொல்ல மாட்டேன்.)

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் கடவுச்சொல்லை மாற்றி, கார்டை முடக்கிப் புதிது வாங்குவது நல்லது. நம் பெட்டியில் கடிதத்தை அழிப்பதால் அவர்களிடமுள்ள பிரதி அழியாது. பணமே போயிருந்தால் முதலில் வங்கி, உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அங்கே முதலில் கேட்பது இவற்றைத்தான்.