ராட்னெஸ்ட்: சிரிக்கும் தீவா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் இருக்கிறது ராட்னெஸ்ட் தீவு. வெயில், வெண்மணல், சைக்கிள், கூடவே குவோக்கா. பூனையளவே உள்ள இந்தக் கங்காரு இனத்து விலங்கு சிரிப்பதுபோலவே தெரியும். 2017 இறுதியில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரும் அதனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். கவலையே இல்லாத ஊர் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கவலையின்மை தானாக வாய்த்ததல்ல. குவோக்காவின் சிரிப்பு வெறும் வாயமைப்புதான். அது மனிதரைக் கண்டு மிரளாததற்கு முக்கியக் காரணம், தீவில் நரி கிடையாது. நரிகள் திரியும் பெருநிலத்தில் இதே விலங்கு அடர்ந்த புதர்களில் ஒளிந்து வாழ்கிறது, எண்ணிக்கையும் அருகிவிட்டது. தீவிலோ பயணிகள் சொந்தக் கார் கொண்டுவர முடியாது. குவோக்காவுக்குத் தீனி போட்டால் அபராதம்.

விடுமுறைக்கு வந்தவரிடம் இத்தனை கண்டிப்பா என்று கேட்கலாம். நாம் தின்னும் ரொட்டி அதன் உடம்புக்கு ஆகாதே! சிரிக்க வந்த இடத்தில் சரித்திரம் எதற்கு என்பது இன்னும் கனமான கேள்வி. 1838 முதல் பல பத்தாண்டுகள் பழங்குடி ஆண்களை அடைத்துவைத்த தீவு இது. 370 பேராவது இங்கே இறந்தார்கள். பயணிகள் ரசிக்கும் பழைய கட்டடங்கள் பலவும் அந்தக் கைதிகளின் உழைப்பு. அந்தச் சிறைக் கட்டடமே, 2018 வரை, சுற்றுலா விடுதியாக இயங்கியது.