பருவக் காற்றும் பறங்கியர் கப்பலும்

பட்டம் தவறி விதைத்தவன் நல்ல மகசூலைக் காண்பதரிது என்பதைக் குடியானவர்கள் நன்கறிவர். காற்றின் பருவம் தவறிக் கப்பல் விட்டவர்கள் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. போர்த்துகீசியரின் முதல் இந்தியக் கடற்பிரயாணம் இதற்குத் தக்க சான்றாகும்.

மிளகு, இலவங்கம் முதலிய சரக்குகள் அக்காலத்தில் அராபியர், வெனிஸ் நகர வணிகர் முதலியோர் கைமாறி ஐரோப்பாவில் பெருவிலைக்கு விற்கப்பட்டன. அவற்றை விளையுமிடத்திலேயே கொள்முதல் செய்யப் போர்த்துகீசியர் கடல்வழி தேடினர். 1488ஆம் வருஷத்தில் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தார். 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா நான்கு கப்பல்களுடன் லிஸ்பனிலிருந்து புறப்பட்டார்.

ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மாலிந்தியில், அக்கடலின் போக்கை அறிந்த வழிகாட்டி ஒருவர் கிடைத்தார். 1498 ஏப்ரல் 24இல் அங்கிருந்து கிளம்பிய கப்பல்கள், தென்மேற்குக் காற்று கடுமையாகுமுன் கடலைக் கடந்து, மே 20இல் கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரம் பாய்ச்சின. பிரயாணம் 26 நாட்களில் முடிந்தது.

திரும்புங்கால் நேர்ந்ததோ வேறு. மேற்கே செல்லும் மாலுமிகள் வடகிழக்குக் காற்று நிலைக்கும்வரை காத்திருப்பது வழக்கம். சாமூதிரி மன்னருடன் மனத்தாங்கல் கொண்ட காமா, ஆகஸ்டு இறுதியிலேயே கள்ளிக்கோட்டையை நீங்கினார். அஞ்சதீவில் சில நாள் தங்கி, அக்டோபர் 5இல் நடுக்கடலில் இறங்கினார். காற்று ஒருநாள் எதிர்த்தது. மறுநாள் அடியோடு ஓய்ந்தது. அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் சென்றன. பழமும் பசுங்காய்கறியும் இல்லாமையால் மாலுமிகளுக்கு ஈறு வீங்கும் ஸ்கர்வி நோய் கண்டது. அவ்வழியில் மாண்டவர் சுமார் 30 பேர். கப்பலொன்றுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யத்தக்க நிலையிலிருந்தனர். 1499 ஜனவரியில் மாலிந்தியை அடைந்ததும் நோயாளிகள் மிகவும் விரும்பியது ஆரஞ்சுப் பழத்தையே. ஆள் போதாமையால் கப்பலொன்றைத் தீக்கிரையாக்கவும் நேர்ந்தது.

இவ்வனுபவம் பிற்காலத்தில் ஒழுங்காயிற்று. மார்ச்சு, ஏப்ரலில் லிஸ்பனை விட்டுச் செப்டம்பர் வாக்கில் இந்தியாவை அடைவதும், டிசம்பர், ஜனவரியில் மிளகு ஏற்றித் திரும்புவதும் வழக்கமாயின. கோவா 1510இலும் மலாக்கா 1511இலும் அவர்கள் வசமாயின. பிறர் மரக்கலங்கள் தங்களிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமென்று அவர்கள் பலவந்தம் செய்தனர். அவ்வதிகாரம் நிலைக்கவில்லை; கோவாவும் 1961இல் அவர்கள் கையைவிட்டு நீங்கிற்று.

நிலைத்தவை அவர்கள் கடல்வழியே வந்த பயிர்களாம். பிரேசில் நாட்டு முந்திரியும், அமெரிக்கக் கண்டத்து மிளகாய், அன்னாசி முதலியவையும் இந்நாட்டு மண்ணில் வேரூன்றின. மிளகைத் தேடி வந்தவர்கள் கொணர்ந்த காய்க்குத் தமிழர் மிளகின் பெயரையே சூட்டி, மிளகாய் என்றனர்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்திற்கு மட்டுமன்றிக் கடலுக்கும் பொருந்தும். காலத்தை அறிந்தவர் உள்ளூரில் இருப்பராயின், அவரைக் கேட்டு நடப்பதே நலம்.