பல்லவிக்கு ஓட்டம்... சரணத்துக்கு நடை!

புது ஷூ வாங்கியாச்சு. அலாரமும் ஐந்தரைக்கு வைத்தாச்சு. முதல் நாள் தெருமுனை வரை ஓடியதுமே மூச்சு வாங்குகிறது, விலாவில் குத்துகிறது. இரண்டாம் நாள் கெண்டைக்கால் வலி. மூன்றாம் நாள் மழை. ஒரு மாதத்தில் அந்த ஷூ, செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. ஓட ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் யாரைக் கேட்டாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

‘நமக்கெல்லாம் மன உறுதி பத்தாது’ என்று தங்களையே திட்டிக்கொள்பவர்கள் அதிகம். ஆனால், பலரும் சறுக்கும் இடம் வேறு. முதல் நாளே அதிக வேகம், அதிக தூரம். ஓட்டத்துக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழக அதைவிடக் கூடுதல் காலம் எடுக்கும். மூச்சு தாங்குகிறதே என்று ஓடினால் முழங்காலும் கணுக்காலும் பழி வாங்கிவிடும்.

அந்த முதல் சில வாரங்களைத் தாண்டிவிட்டால் போதும், ஓட்டம் பழக்கமாகிவிடும். தாண்டுவதற்கு உதவுபவை இரண்டு: அவசரப்படுத்தாத ஓர் அட்டவணை, காதில் பிடித்த பாட்டு.

அம்மாவை நினைத்து எழுதிய அட்டவணை

உலகம் முழுக்க இன்று ‘கவுச் டு 5கே’ என்ற பெயரில் பிரபலமாக இருக்கிறது ஒரு பயிற்சித் திட்டம். சோபாவிலிருந்து எழுந்து, ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைப்பது இதன் நோக்கம். 1996-ல் இதை உருவாக்கியவர் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர். காதல் முறிவின் வேதனையில் ஓடத் தொடங்கியவருக்கு முதலில் ஓட்டம் பிடிக்கவே இல்லை. வலிக்கும் கட்டத்தைத் தாண்டிய பிறகுதான் பிடித்தது. மற்றவர்களுக்கு அந்த வலி இல்லாமல் செய்ய முடியாதா என்று யோசித்தபோது, ஐம்பதுகளில் இருந்த தன் அம்மாவை மனதில் வைத்துத்தான் அட்டவணை போட்டார். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையும் பிறகு இதைச் செயலியாகவே வெளியிட்டது.

இதன் ரகசியம் ரொம்ப எளிமையானது. வாரத்துக்கு மூன்றே நாள்தான். ஓட்டத்துக்கு நடுவே நடையும் உண்டு. மூச்சு வாங்கி நிற்பதற்கு முன்பே நடக்கச் சொல்லிவிடுவதால், ‘தோற்றுவிட்டோம்’ என்ற எண்ணம் வருவதே இல்லை.

பாட்டு என்ன செய்கிறது?

உடல் உழைப்பின் களைப்பைப் பாட்டால் குறைப்பது நமக்குப் புதிது அல்ல. நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, தோணிக்காரர்களின் ஏலேலோ எல்லாம் இதற்காகப் பிறந்தவைதான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடைக் களைப்பு தெரியாமல் இருக்கப் பாடப்பட்டது என்பார்கள். காவடி தூக்கியவர்களின் கால் வைப்புக்கும் அந்தச் சந்தத்துக்கும் அப்படியொரு பொருத்தம்!

விஞ்ஞானிகளும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கவனித்த லெனார்ட் ஏர்ஸ் என்பவர், 1911-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பேண்டு வாத்தியம் முழங்கியபோது வீரர்களின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 31.5 கிலோமீட்டர். வாத்தியம் நின்றபோது சுமார் 28.8 கிலோமீட்டர்.

லண்டன் ப்ரூனல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு உளவியல் பேராசிரியர் கோஸ்டாஸ் கராகியோர்கிஸ் பல ஆண்டுகளாக இசையையும் உடற்பயிற்சியையும் ஆராய்ந்து வருபவர். அவரது ஆய்வுகள் சொல்வது இது: மிதமான வேகத்தில் உடற்பயிற்சி செய்யும்போது, களைப்பை நோக்கிப் போகும் கவனத்தை இசை திருப்பிவிடுகிறது. அதே உழைப்பு, ஆனால் குறைவாகத் தெரிகிறது. வேகம் மிக அதிகமானால் இந்த மாயம் பலிக்காது. அப்போது உடலின் குரல், பாட்டின் குரலை அமுக்கிவிடும். ஆகவே, மெதுவாக ஓடும் புதியவர்களுக்குத்தான் பாட்டால் லாபம் அதிகம்.

உச்சத்தில் இருப்பவர்களும் இசையை விடவில்லை. எத்தியோப்பிய ஓட்ட வீரர் ஹைலே கெப்ரசிலாசி 1998-ல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, ‘ஸ்காட்மேன்’ பாட்டை ஒலிபெருக்கியில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே ஓடினார்.

எந்தப் பாட்டைப் போடுவது?

முதலில் உங்கள் கால் தாளத்தைக் கண்டுபிடியுங்கள். மெதுவாக ஓடும்போது வலது கால் தரையில் படுவதை 30 விநாடிக்கு எண்ணுங்கள். அதை நான்கால் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று தெரிந்துவிடும். பலருக்கு இது 150 முதல் 170-க்குள் இருக்கும்.

பாட்டின் தாளத்தையும் இப்படியே எண்ணலாம். 15 விநாடிக்குத் தட்டி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 160 வந்தால் அடிக்கு ஒரு தட்டு. 80 வந்தால் இரண்டு அடிக்கு ஒரு தட்டு. இரண்டும் பொருந்தும்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. அதிரடிக் குத்துப்பாட்டு ஆரம்பித்ததும் கால் தானாகப் பறக்கும். இரண்டே நிமிடத்தில் நாக்குத் தள்ளும். முதல் மாதத்துக்கு நடுத்தர வேகப் பாடல்களே நல்லது. வேகம் சரிதானா என்று பார்க்கப் பேசிப் பாருங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கே மூச்சு முட்டினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. மிகப் பிடித்த நான்கைந்து பாடல்களை ஓடும்போது மட்டுமே கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தபோது, ஆரம்பத்தில் அவர்கள் ஜிம்முக்கு வருவது மற்றவர்களைவிட 51 சதவிகிதம் கூடியது. நாள் போகப் போக அந்த ஈர்ப்பு குறைந்தது. பாட்டுப் பட்டியலை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவது அதனால்தான் நல்லது.

பாட்டே கடிகாரம்

முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறி மாறி 20 நிமிடம். இதற்கு ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். நம் சினிமாப் பாடல்களின் அமைப்பே உதவும். பல்லவி முடியும்வரை மெல்லோட்டம். இடையிசைக்கும் சரணத்துக்கும் நடை. பல்லவி திரும்பி வந்தால் மறுபடி ஓட்டம். கணக்கு விநாடி சுத்தமாக இருக்காது. ஆனால், நான்கைந்து பாட்டில் அன்றைய பயிற்சி முடிந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் முதல் 5 நிமிடம் வேக நடை, இதற்கு ஒரு மெலடி. கடைசியிலும் ஒரு மெலடியோடு நடந்து முடியுங்கள்.

* 1-ம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை - மொத்தம் 20 நிமிடம்.
* 2-ம் வாரம்: ஒன்றரை நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை - மொத்தம் 20 நிமிடம்.
* 3-ம் வாரம்: ஒன்றரை நிமிடம் ஓட்டம், அதே அளவு நடை. பிறகு 3 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை. இதை இரண்டு முறை.
* 4-ம் வாரம்: 3 நிமிட, 5 நிமிட ஓட்டங்கள் மாறி மாறி, நடுவில் நடை.
* 5-ம் வாரம்: மூன்றாம் நாளில் 20 நிமிடம் தொடர் ஓட்டம்.
* 9-ம் வாரம்: 30 நிமிடம் தொடர் ஓட்டம்.

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடி செய்யுங்கள். ஒன்பது வாரம் பதினைந்து வாரமானாலும் குடி முழுகிப்போய்விடாது.

இதையெல்லாம் மறக்காதீர்கள்

* சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை, மூட்டுவலி உள்ளவர்களும், பல ஆண்டுகள் உடற்பயிற்சியே இல்லாதவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.
* நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், கண் இருட்டுவது - எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.
* நம் ஊர் வெயிலுக்கு விடிகாலையே நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும்.
* சாலையில் ஓடினால் ஒரு காதில் மட்டும் இயர்போன். பின்னால் வரும் வண்டியின் ஹாரனும், தெருநாயின் உறுமலும் கேட்க வேண்டும். எதிரே வரும் வாகனங்கள் தெரியும்படி சாலையின் வலப்பக்கம் ஓடுங்கள். இருட்டில் வெளிர்நிற உடை நல்லது.
* ஒலியைக் குறைத்தே வையுங்கள். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாட்டில்லாத ஒரு நாள்

ஐந்தாறு வாரம் ஆனதும், வாரத்தில் ஒரு நாள் இயர்போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடிப் பாருங்கள். சார்ஜ் தீர்ந்துபோனால் ஓட்டமே நின்றுபோகும் நிலை வரக் கூடாது. உங்கள் மூச்சும் கால் ஓசையும் சேர்ந்து தாளம் போடுவது அன்று கேட்கும். அதோடு, உலகத் தடகளப் போட்டிகளின் விதிப்படி ஓட்டத்தின்போது பாட்டுக் கருவிகளுக்கு அனுமதி இல்லை. உள்ளூர் மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பவர்கள், அங்கே என்ன விதி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மற்ற இரண்டு நாளும் பாட்டு உங்களோடு வரட்டும். இன்றிரவே ஐந்து பாடல்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியலாகப் போட்டு, ஷூவை வாசலருகே எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் நீங்கள் ஓட வேண்டியது ஒரே ஒரு பல்லவி அளவுக்குத்தான். அடுத்தது தானாக வரும்!