கூலன்ட் எங்கே போகுது? அந்தச் சின்ன ஓட்டையைப் பாருங்க!

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகள், பழைய லாரிகளுக்குப் பெரிய சோதனை. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. ஆனால், மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் எகிறும். ஓடும்போது கசியும் கூலன்ட், சூட்டிலேயே காய்ந்துவிடுவதுதான் காரணம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். இன்ஜின் ஆறியதும், கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை காற்றடித்தால் கசியும் இடம் நனையும்.

ஹோஸ், கிளாம்ப் எல்லாம் சரியா? வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சின்ன ஓட்டையில் கறை படிந்திருந்தால், உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் அந்த ஓட்டையே! செலவு மிச்சம் என்று பசை வைத்து அடைத்தால், கூலன்ட் பேரிங்குக்குள் போய்விடும். மலைப்பாதையில் பேரிங் உடைந்தால், வண்டி அங்கேயே நின்றுவிடும். சீலையோ பம்ப்பையோ மாற்றிவிடுவதே மலிவு.