இங்கிலாந்தில் ‘நான்கு விழுமியங்கள்’, இங்கே முகவுரை... ஆர்.சி. ஸ்கூல்களில் குடிமைப் பாடம் எப்படி நடக்கிறது?

பிரிட்டன் என்றதும் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பென்னிகுவிக். 1895-ல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளர். கம்பம் பள்ளத்தாக்கில் வீடுகளிலும் கடைகளிலும் அவர் படத்தைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. ஜனவரி 15, அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள். 2022-ல் தமிழக அரசு, இங்கிலாந்தில் அவருடைய ஊரான கேம்பர்லியிலேயே சிலை வைத்தது.

அதே பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இந்த மண்ணில் இன்னொரு முகமும் உண்டு. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் திருத்தி மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறந்த சாதியைக் காட்டியே ஆட்களைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்து, கைரேகை பதியச் சொன்னார்கள். மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ‘ரேகைச் சட்டம்’ என்றால் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இன்றும் விளக்கம் தேவையில்லை.

அதனால் ‘சட்டத்தின் ஆட்சி என்பது பிரிட்டிஷ் விழுமியம்’ என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தில் நெகிழவும் ஆள் உண்டு, சிரிக்கவும் ஆள் உண்டு. ஆனால், இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் இன்று அது நிஜமாகவே பாடம். அதுவும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும்!

அது என்ன நான்கு விழுமியங்கள்?

ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், மாற்று மதத்தினர் மீதான மரியாதையும் சகிப்பும். இவை நான்கும்தான் ‘அடிப்படை பிரிட்டிஷ் விழுமியங்கள்’. பட்டியலின் பூர்வீகம் பள்ளிக்கூடம் அல்ல. 2011-ல் பிரிட்டன் அரசு வெளியிட்ட தீவிரவாதத் தடுப்புத் திட்டத்தில்தான் இது முதலில் எழுதப்பட்டது.

2014-ல் பர்மிங்ஹாம் நகரில், முஸ்லிம் மாணவர்கள் அதிகமுள்ள சில பள்ளிகளைக் கைப்பற்றச் சதி நடப்பதாக ஒரு மொட்டைக் கடிதம் பெரும் புயலைக் கிளப்பியது. அந்தக் கடிதமே போலி என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். ஆனால், அரசு காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் வந்தது. இந்த நான்கையும் பள்ளிகள் முனைந்து கற்பிக்க வேண்டும், ‘ஆஃப்ஸ்டெட்’ ஆய்வாளர்கள் வரும்போது அதையும் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கத்தோலிக்கப் பள்ளி. லண்டனில் குடியேறிய இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றில் படிக்கிறார்கள். சிலுவை மாட்டிய வகுப்பறையில், சிலுவைக்குப் பக்கத்திலேயே இந்த நான்கு விழுமியங்களின் போஸ்டரும் ஏறியது.

நடைமுறையில் எப்படி? கல்வி ஆண்டு தொடங்கும் செப்டம்பரில் வகுப்புக்கு என்ன விதி வேண்டும் என்று பிள்ளைகளே பேசி முடிவுசெய்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். மாணவர் மன்றத்துக்கு வாக்குப்பெட்டி வைத்துத் தேர்தல் நடத்துவார்கள். போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து பேசுவார். மதக்கல்வி வகுப்பில் யூதர், முஸ்லிம், இந்துக்களின் நம்பிக்கைகளும் வரும். 2023-ல் அங்குள்ள கத்தோலிக்க ஆயர்கள் வெளியிட்ட புதிய மதக்கல்விப் பாடத்திட்டத்தில், மற்ற மதங்களைச் சந்தித்து உரையாடுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மதக்கல்வியும் வழிபாடும் வேண்டாம் என்றால் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு.

கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் சொன்ன பதில், ‘இதெல்லாம் எங்கள் நற்செய்தியிலேயே இருக்கிறது’ என்பதுதான். ஆசிரியர்கள் எல்லோரும் அவ்வளவு இணக்கமாக இல்லை. ஜனநாயகத்துக்கும் மரியாதைக்கும் ‘பிரிட்டிஷ்’ என்று முத்திரை குத்துவானேன், மற்ற நாட்டாருக்கு அது கிடையாதா என்ற கேள்வி 2016-ல் தேசிய ஆசிரியர் சங்கத்தின் மாநாடு வரை போனது. பெருங்காமநல்லூரைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எளிதில் புரியும்.

இங்கே வந்தது ஒரு சுற்றறிக்கை

மயிலாடும்பாறைக்கு வருவோம். பெரியாற்றுத் தண்ணீர் பாயாத, மூல வைகையையும் கிணற்றையும் நம்பியிருக்கும் ஊர். கடமலை - மயிலை ஒன்றியத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன பேசுவார்கள்? வேன் வருமா, ஃபீஸ் எவ்வளவு, இங்கிலீஷ் வருமா. ‘சிஸ்டர் நடத்துற ஸ்கூல்’ என்றால் கண்டிப்பு இருக்கும் என்பது கூடுதல் நம்பிக்கை. தமிழ்நாட்டில் ஆர்.சி. ஸ்கூல்களில் படிக்கும் பிள்ளைகளில் ஏராளமானோர் கிறிஸ்தவர்கள் அல்ல. முருகனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளை காலையில் அந்தோணியார் படத்தின் முன்பு கைகூப்பிவிட்டு வகுப்புக்குப் போவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

நாட்டின் மற்ற பகுதிகளில் நிலைமை அப்படி இல்லை. 2024 பிப்ரவரியில் அஸ்ஸாமில் ஓர் அமைப்பு, கிறிஸ்தவப் பள்ளிகளில் இயேசு, மரியாள் சிலைகளை அகற்ற வேண்டும், பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் அங்கி அணிந்து பள்ளிக்கு வரக் கூடாது என்று 15 நாள் கெடு விதித்தது. இந்தச் சூழலில்தான் 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு 13 பக்க வழிகாட்டுதலை வெளியிட்டது. பேரவையின் கீழ் இருப்பவை சுமார் 14,000 பள்ளிகள்.

அதில் சொன்னவை: காலைக் கூட்டத்தில் மாணவர்கள் தினமும் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்க வேண்டும். பள்ளி வாசலில் முகவுரையை எழுதி வைக்க வேண்டும். விடுதலைப் போராட்ட வீரர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்களின் படங்களை மாட்ட வேண்டும். எல்லா மதத்தினருக்குமான பிரார்த்தனை அறை அமைக்க வேண்டும். முக்கியமாக, கிறிஸ்தவ மரபுகளை மற்ற மதப் பிள்ளைகள் மீது திணிக்கக் கூடாது.

இங்கிலாந்தில் அரசு சொல்லி, திருச்சபைப் பள்ளிகள் செய்தன. இங்கே திருச்சபையே தன் பள்ளிகளுக்குச் சொன்னது. இரண்டு இடத்திலும் பின்னால் இருந்து தள்ளியது ஒரு பயம்தான். அங்கே அரசுக்கு, இங்கே திருச்சபைக்கு.

சகிப்பா, சகோதரத்துவமா?

முகவுரை தரும் பட்டியலும் நான்குதான். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பிரிட்டன் பட்டியலில் சமத்துவம் என்ற சொல் இல்லை, சகோதரத்துவமும் இல்லை. அதன் இடத்தில் இருப்பது சகிப்பு. பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தைக்கூட நாம் சகித்துக்கொள்கிறோம். அதற்காக அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று அர்த்தம் இல்லை. 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் மேலே பூசிய பெயின்ட் அளவுக்குத்தான் நிற்கும் என்ற பொருளில் எச்சரித்தார்.

பெயின்ட் என்றதும் பள்ளிச் சுவர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்தாலே தீண்டாமையைக் கண்டிக்கும் வாசகம் இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்புக் குடிமையியலில் பன்முகத்தன்மையும் சமத்துவமும் தனித்தனிப் பாடங்கள். ஆனாலும் 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது, கூடப் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யும்படி 2024 ஜூனில் பரிந்துரைத்தது. வாசித்தால் மட்டும் வந்துவிடும் என்றால் கயிறுகள் எப்போதோ அறுந்திருக்கும்.

திருச்சபைக்குள்ளும் இந்தக் கணக்கு பாக்கி இருக்கிறது. தலித் மக்கள் திருச்சபைக்குள்ளேயே பாகுபாட்டைச் சந்திக்கிறார்கள் என்பதை ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையிலேயே ஒப்புக்கொண்டது. வாசலில் முகவுரையை மாட்டச் சொன்னதும் அதே பேரவைதான். முதல் ஆவணத்தை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதைப் படித்தால், சமத்துவம் என்ற சொல்லுக்கு எடை கூடுகிறது.

அந்த ஒரு பீரியட்

ஆர்.சி. ஸ்கூலில் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வாரத்தில் சில பீரியட்களில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கும், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போவார்கள். மற்றவர்களுக்கு மதத்தைத் திணிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. ஆனால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு சிநேகிதிகளில் ஒருத்தி எழுந்து வேறு அறைக்குப் போகும்போதுதான், ‘நீ வேற, நான் வேற’ என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதன்முதலில் தெரிகிறது. இரண்டு வகுப்பிலும் தனித்தனியாக அன்பைப் பற்றித்தான் பாடம் நடக்கும் என்பது வேறு விஷயம். அந்தப் பீரியட்களில் ஒன்றையாவது சேர்ந்து உட்கார விட்டு, அவரவர் வீட்டில் எப்படிச் சாமி கும்பிடுகிறார்கள் என்று பிள்ளைகளையே சொல்லவைத்தால், தினமும் முகவுரை வாசிப்பதைவிட அது ஆழமாக இறங்கும்.

சும்மா நின்ற மூன்று பிள்ளைகள்

சுதந்திரம் என்றால் என்ன என்பதற்குக் குமுளி தாண்டினால் ஒரு நல்ல கதை கிடைக்கும். 1985-ல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் மூன்று உடன்பிறப்புகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதையும் துதித்துப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 ஆகஸ்ட்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எழுந்து நின்றதே மரியாதைதான், பாடும்படி கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை என்றது தீர்ப்பு. நாட்டின் உச்ச நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் மௌனத்துக்குக் காவல் நின்றது. நான்கு விழுமியங்களையும் போஸ்டர் ஒட்டாமல் நடத்த வேண்டுமென்றால் இந்த ஒரு வழக்கு போதும்.

அந்த மௌனத்துக்கு இடம் தேசிய கீதத்தின்போது மட்டுமல்ல, ஆர்.சி. ஸ்கூலின் காலை ஜெபத்தின்போதும் உண்டு. அரசியலமைப்பின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நிறுவி நடத்த உரிமை தருகிறது. 28(3) பிரிவு, அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு உரிமை தருகிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும், மதபோதனையிலோ வழிபாட்டிலோ ஒருவரைச் சம்மதம் இல்லாமல் கலந்துகொள்ளச் செய்ய முடியாது. பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதிக்க வேண்டும். இது ஆர்.சி. ஸ்கூலுக்கு மட்டுமானது அல்ல. இந்து அறக்கட்டளையோ முஸ்லிம் அறக்கட்டளையோ நடத்தும் பள்ளிக்கும் பொருந்தும்.

இங்கிலாந்துப் பெற்றோருக்குப் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமைதான் இருக்கிறது. நம் சட்டம் ஒரு படி மேலே போய், முதலிலேயே சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால், அட்மிஷன் ஃபார்மில் அப்படி ஒரு கேள்வி இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? ஜூன் மாதம் வரிசையில் நிற்கும்போது வேன் வருமா, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, இதையும் ஆபீஸில் கேட்கலாம். காலை ஜெபம் பிடித்திருந்தால் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கலாம். வேண்டாம் என்றால், பிள்ளை அந்த நேரத்தில் அமைதியாக நிற்க மட்டும் அனுமதி கேட்டு வெள்ளைத்தாளில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் போதும். நகலில் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.