ஹூஸ்டனின் வசந்த விடுமுறையும் கால்வெஸ்டன் கடற்கரையும்

அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் இளவேனிற் பருவத்தில் விடும் ஒரு வார விடுமுறை அங்கே 'ஸ்பிரிங் பிரேக்' எனப்படுகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான ஹூஸ்டனில் இது பெரும்பாலும் மார்ச் நடுவில் வருகிறது. கோடைப் புழுக்கம் இன்னும் தொடங்கியிராத அந்நாட்களில், நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டியுள்ள கால்வெஸ்டன் தீவுக்குக் குடும்பங்கள் திரளாகப் புறப்படுகின்றன. கடலில் கால் நனைத்துத் திரும்புவதே பலருக்கும் போதுமானதாக இருந்தாலும், அந்தத் தீவு மீண்டெழுந்த கதையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லாமல் திரும்புவது பெரும் இழப்பாகும்.

1900 செப்டம்பர் 8 அன்று தாக்கிய சூறாவளி, குறைந்தது 6000 பேரின் உயிரைப் பறித்தது. அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றத்தால் நேர்ந்த மிகக் கொடிய உயிரிழப்பு அதுவே. எஞ்சிய மக்கள் ஊரைக் கைவிடாமல், 1902இல் தொடங்கி சுமார் 17 அடி உயரத்துக்குக் கடற்சுவர் ஒன்றை எழுப்பியதோடு, தாழ்ந்து கிடந்த ஊரின் தரைமட்டத்தையே உயர்த்தும் பணியிலும் இறங்கினர். ஏறத்தாழ 2000 கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் சிறிது சிறிதாக மேலே தூக்கி நிறுத்தி, நீரில் குழைத்த மணலைக் குழாய்கள் வழியே அவற்றின் அடியில் பாய்ச்சினர். வேலை நடந்த ஆண்டுகளில், சேற்றுக்கு மேலே அமைத்த மரப்பலகை நடைபாதைகளில்தான் மக்கள் கடைக்கும் பள்ளிக்கும் சென்று வந்தனர். பின்னர் நீட்டிக்கப்பட்டு இன்று 16 கிலோமீட்டர் அளவுக்கு நீளும் அச்சுவரின் மேல்தான் விடுமுறைக் கூட்டம் நடக்கிறது, மிதிவண்டி ஓட்டுகிறது.

இங்குள்ள கடல்நீர் பழுப்பாகத் தெரிவதைக் கண்டு பலர் முகம் சுளிக்கின்றனர். ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலே அந்நிறத்துக்கு முதன்மைக் காரணமாகும். நீரின் நிறத்தைவிடக் கவனிக்க வேண்டியவை கரையில் பறக்கும் கொடிகள்: மஞ்சள் எச்சரிக்கையையும், சிவப்பு கடும் ஆபத்தையும், ஊதா ஜெல்லிமீன் போன்று கொட்டும் உயிரினங்கள் இருப்பதையும் உணர்த்துகின்றன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாறைத் தடுப்புகளின் அருகே, ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டங்கள் உருவாவதால், அங்கே நீந்துவது கூடவே கூடாது.

தீவின் கிழக்கு முனையிலிருந்து பொலிவர் தீபகற்பத்துக்கு அரசு இயக்கும் படகுச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. வழியில் டால்பின்களும் பழுப்புக் கூழைக்கடாக்களும் அடிக்கடி தென்படுகின்றன. முட்டை ஓட்டை மெலியச் செய்த டிடிடி பூச்சிக்கொல்லியால் டெக்சாஸ் கடற்கரையிலிருந்து அநேகமாக மறைந்தே போயிருந்த இப்பறவை, 1972இல் அந்நஞ்சு தடை செய்யப்பட்ட பின் பெருகி, 2009இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காசில்லாமல் கிடைக்கும் இந்தச் சிறு பயணத்துக்கு ஈடான உயிரியல் பாடம் வகுப்பறையில் கிடைப்பது அரிது.

கால்வெஸ்டன் செல்லும் வழியில்தான் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையமும், அதன் பார்வையாளர் கூடமான ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டனும் உள்ளன. 1961இல் இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பெரும் சரக்குகளைப் படகில் கொண்டுவரும் நீர்வழி வசதியும் கருத்தில் கொள்ளப்பட்டது. படுத்த நிலையில் வைக்கப்பட்டுள்ள 110 மீட்டர் நீளச் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் பக்கவாட்டில் நடக்கும்போதுதான், படங்களில் புலப்படாத அதன் பேருருவம் விளங்குகிறது. அப்போலோ பயணங்களை வழிநடத்திய கட்டுப்பாட்டு அறை, மனிதன் நிலவில் இறங்கிய 50ஆம் ஆண்டான 2019இல் பழைய தோற்றத்துக்கே மீட்கப்பட்டது. மேசைகளின் மீது சாம்பல் கிண்ணங்களும் காப்பிக் குவளைகளும் அக்காலத்தில் இருந்தவாறே வைக்கப்பட்டுள்ளன. விடுமுறை வாரத்தில் வரிசை நீளும் என்பதால் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

நகருக்குள் தங்குவோருக்கு, அதே மாதத்தில் நடைபெறும் கால்நடைக் கண்காட்சியும் ரோடியோ என்னும் குதிரையேற்ற, மாடு அடக்கும் போட்டிகளும் உண்டு. தலைக்கவசம் அணிந்த சிறுவர் சிறுமியர் செம்மறியாட்டின் முதுகைக் கட்டிப்பிடித்துச் சவாரி செய்யும் போட்டியைக் காணவே தனிக்கூட்டம் சேர்கிறது. மாலையில் பஃபலோ பேயூவுக்குச் செல்லலாம். பேயூ என்பது சமவெளியில் மெல்ல ஊர்ந்து செல்லும் ஓடையாகும். அதன் குறுக்கேயுள்ள வா டிரைவ் பாலத்தின் இடுக்குகளில் வௌவால்கள் பெருங்கூட்டமாக வாழ்கின்றன. 2017இல் ஹார்வி சூறாவளி வெள்ளத்தில் அவற்றுள் பல மடிந்தபோதும் கூட்டம் அழியவில்லை. வெதுவெதுப்பான மாலைகளில் சூரியன் மறையும் நேரத்தில் அவை இரைதேடிப் புறப்படுவதால், சற்று முன்னதாகவே சென்று பாலத்தருகே இடம்பிடித்துக்கொள்ள வேண்டும். குளிர் மிகுந்த நாட்களில் அவை வெளிவராமலே இருந்துவிடுவதும் உண்டு.